பத்து நாள் ஐரோப்பாவும் பத்து மாத ஐரோப்பாவும்

பள்ளி மாணவர் பரிமாற்றம் என்று பேச்செடுத்தாலே பெற்றோர் முதலில் கேட்பது செலவை. அடுத்தது பாதுகாப்பு, அதற்கடுத்தது சாப்பாடு. மூன்றும் கேட்க வேண்டியவைதான். போய் வந்த பிள்ளையின் மனத்தில் ஐரோப்பா எப்படிப் பதியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போனால் தன்னால் நடந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. எத்தனை நாள், எந்த ஊர், யார் வீடு, எந்த மொழி, புறப்படுமுன் நாம் என்ன சொல்லி அனுப்பினோம் என்பதைப் பொறுத்து, ஒரே நாட்டுக்குப் போன இரண்டு பிள்ளைகள் நேர்மாறான இரண்டு ஐரோப்பாக்களோடு திரும்புவார்கள்.

புறப்படும்போது அவர்கள் கையில் இருக்கும் ஐரோப்பா எது? மலேசியாவின் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கும் படிவம் 4 மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் கால்பந்து வரும். அடுத்து வரலாற்றுப் பாடம்: 1511 போர்த்துகீசியர், 1641 டச்சுக்காரர், 1786 பினாங்கில் பிரான்சிஸ் லைட். மூன்றாவது பனிமலையும் ஐஃபில் கோபுரமும், தமிழ்ப் படப் பாட்டுக்காட்சிகளின் உபயத்தில். ஜெர்மனியில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் மாலையில் என்ன செய்வார், இத்தாலியில் 16 வயதுப் பெண் வாய்மொழித் தேர்வுக்கு எப்படி நடுங்குவாள் என்பதெல்லாம் அதில் இல்லை. பரிமாற்றம் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

ஐரோப்பியர்களுக்கே இது பழகிய கருவி. 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963-இல் எலிசே நட்பு ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு இளைஞர் பரிமாற்றத்துக்கென்றே இரு நாட்டுப் பொது அலுவலகம் ஒன்றையும் திறந்தன. பகை நாட்டுப் பிள்ளையை வீட்டில் தங்க வைப்பது அங்கே அரசியல் வேலையாகத்தான் தொடங்கியது. முன்பின் தெரியாத மலேசியப் பிள்ளையைக் காசு வாங்காமல் பத்து மாதம் வைத்துக்கொள்ள ஒரு சிற்றூர்க் குடும்பம் ஏன் முன்வருகிறது என்று நம்மவர்கள் சந்தேகப்படுவதுண்டு. இந்தப் பழக்கம் அதற்கு ஒரு காரணம். தங்கள் பிள்ளை வேறு நாட்டுக்குப் போயிருப்பதும், அந்த அறை காலியாக இருப்பதும் வேறு காரணங்கள்.

நமக்குத் திறந்திருக்கும் வழிகள் அதிகமில்லை. பள்ளிகள் கூட்டாளிப் பள்ளியோடு நடத்தும் 10 முதல் 14 நாள் பயணம் ஒன்று. ஏ.எஃப்.எஸ். அமைப்பின் நீண்டகாலத் திட்டம் இன்னொன்று. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிலிருந்து வந்த அமைப்பு அது. 1947 முதல் பள்ளி மாணவர்களை அனுப்பி வருகிறது, மலேசியாவிலும் இருக்கிறது. ரோட்டரி இளையோர் பரிமாற்றம் மூன்றாவது. அதில் ஓராண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தங்க வைப்பது வழக்கம். குடி, போதைப்பொருள், வண்டி ஓட்டுவது, காதல் உறவு நான்கும் கூடாது, மீறினால் வீட்டுக்கு டிக்கெட். ஜெர்மன் கற்பிக்கும் சில பள்ளிகள் 2008-இல் ஜெர்மன் அரசு தொடங்கிய 'பாஷ்' வலையமைப்பில் உள்ளன. அங்கே படிப்பவர்களுக்குக் கோடைக்கால இளையோர் மொழி வகுப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைக்க வாய்ப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதன் பள்ளிப் பிரிவு பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள்ளேயே நடப்பது. நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் பல்கலைக்கழகக் கட்டத்தில்தான் திறக்கிறது.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும், பிள்ளையின் பார்வையை முதலில் வடிவமைப்பது கால அளவு. நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கோர், அமெரிக்கா போய்வந்த தன் நாட்டவரை ஆராய்ந்து 1955-இல் 'யு' வடிவ வளைவு ஒன்றைச் சொன்னார்: தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மெல்ல ஏற்றம். எல்லாருக்கும் அப்படியே நடக்காது என்று பிந்தைய ஆய்வாளர்கள் திருத்தினார்கள். அது சரிதான். ஆனாலும் பள்ளி மாணவர்களை அனுப்பிப் பழகிய யாரைக் கேட்டாலும், மூன்றாம் நான்காம் மாதம்தான் போன்கால்கள் அதிகம் வரும் காலம் என்பார்கள். காரணம் மர்மமானதல்ல. செப்டம்பரில் போனவனுக்கு அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ தீபாவளி வருகிறது. அதே நேரம் பொழுது சுருங்குகிறது. டிசம்பர் நடுவில் பெர்லினில் சூரியன் காலை 8.15 வாக்கில் எழுந்து மாலை 4 மணிக்கு முன் மறைந்துவிடும். ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 மணி நேர வெளிச்சத்தில் வளர்ந்த உடம்புக்கு இது சின்ன விஷயமில்லை. புதுமை தீர்ந்துபோன, மொழி இன்னும் கைவராத வேளை வேறு.

இப்போது கணக்குப் போடுங்கள். பத்து நாள் பயணம் வளைவின் உச்சியிலேயே முடிகிறது, பிள்ளை அஞ்சலட்டையோடு திரும்புகிறான். பத்து மாதம் போனவன் பள்ளத்தில் இறங்கி ஏறித் திரும்புகிறான். மூன்று மாதம் போனவன்? பள்ளத்தின் அடியில் நிற்கும்போது விமானம் ஏற்றிவிடுகிறோம். "அங்க உள்ளவங்க ஒட்டவே மாட்டாங்க" என்ற முடிவோடு வருகிறவர்களில் பலர் இந்த வகை. ஆகவே மூன்று மாதத் திட்டத்தைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன். அது இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் கல்வியியல் அல்ல, குடிநுழைவு விதி. மலேசியக் கடப்பிதழுக்கு, பொதுவான எல்லை விதிகளைப் பின்பற்றும் ஷெங்கன் ஐரோப்பிய நாடுகளில் எந்த 180 நாளுக்குள்ளும் 90 நாள் வரை விசா வேண்டாம். அதைத் தாண்டினால் அந்தந்த நாட்டின் தேசிய விசா எடுத்தாக வேண்டும். தொந்தரவு இல்லாத நீளம் 90 நாள் என்பதால் அந்த நீளத்தில் திட்டங்கள் முளைக்கின்றன. மூன்று மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் நடுவே ஐந்து மாதப் பள்ளித் தவணை கிடைத்தால் அது பரவாயில்லாத சமரசம். ஜனவரி கடைசியில் தொடங்கும் தவணையாக இருந்தால் இன்னும் நல்லது, பொழுது நீளும் திசையில் பிள்ளை போகிறான்.

90 நாள் கணக்கில் கவனம் தேவை. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய மின்னியல் பதிவு முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. முகப்படம் எடுப்பார்கள், 12 வயது முதல் கைரேகையும் உண்டு. நாள் கணக்கைக் கணினியே பார்த்துக்கொள்ளும். போன ஜூனில் குடும்பத்தோடு சுற்றுலா போன நாட்களும், அந்த 180 நாளுக்குள் வந்தால், சேர்ந்தே எண்ணப்படும். குறுகிய திட்டமானாலும் பள்ளியில் உட்கார அனுமதி உண்டா என்பதை அந்த நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

நீண்ட விசாவுக்கான காகிதங்களில் நம் குடும்பங்களுக்கென்றே வரும் சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கடப்பிதழிலோ அப்பா பெயருக்கு முன் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) நிற்கிறது. ஐரோப்பியப் படிவம் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் நகராது. விமானச் சீட்டு மென்பொருள் அந்தச் சாய்கோட்டை விழுங்கிவிடும். காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு விதம், பள்ளிச் சேர்க்கைக் கடிதத்தில் இன்னொரு விதம், பயணச் சீட்டில் மூன்றாவது விதம் என்று பெயர் சிதறும்போதுதான் விசா முகப்பில் தாமதம். வழி இதுதான்: கடப்பிதழில் உள்ள வரியை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் தட்டச்சு செய்து, முதல் மின்னஞ்சலிலேயே எல்லாத் தரப்புக்கும் அனுப்பி, எதைக் குடும்பப்பெயராகக் கொள்ளலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அது தன்னைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். பெற்றோர் பிரிந்திருந்தால் இருவர் கையெழுத்தும் அல்லது நீதிமன்றப் பராமரிப்பு ஆணையும் கேட்பார்கள். அதைக் கடைசி மாதத்தில் தேடக்கூடாது. விசா நேரச் சீட்டுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். புறப்பாட்டுக்கு நான்கு மாதம் முன்னரே கோப்பைத் திறந்துவிடுங்கள்.

பள்ளியாண்டுக் கணக்கும் இடிக்கும். நம் பள்ளியாண்டு மறுபடி ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. ஐரோப்பாவில் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். படிவம் 4 நடுவில் போய்ப் படிவம் 5 நடுவில் வந்தால் அந்தப் படிவத்தின் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். தலைமேல் நிற்கும். படிவம் 3 முடித்த கையோடு தவணைத் திட்டத்தில் போவது, அல்லது வயது வரம்பு இடங்கொடுத்தால் எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் போவது, இந்த இரண்டும்தான் உருப்படியான வழிகள். எதுவானாலும் பள்ளி முதல்வரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திடமும் எழுத்து மூலமான அனுமதி கையில் இருக்கட்டும்.

இனி வீடு. பிள்ளையின் ஐரோப்பா உருவாவது லூவ்ரிலோ பிராண்டன்பர்க் வாசலிலோ அல்ல, சமையலறை மேசையில். அங்கே நடக்கும் சின்னச் சின்னப் பிசகுகள்தாம் பெரிய கருத்துகளாக வளர்கின்றன. நம் வீட்டில் சாப்பாடு போடும்போது முதல் "வேண்டாம்" மரியாதை. இரண்டாவது முறை கேட்பார்கள், மூன்றாவது கரண்டி கேட்காமலே விழும். ஜெர்மன் வீட்டில் "வேண்டாம்" என்றால் வேண்டாம். பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். பசியோடு படுத்த பிள்ளை ஒரு வாரத்தில் எடுக்கும் முடிவு: வெள்ளைக்காரர்கள் கஞ்சர்கள். மறுபுறம் "என்ன சாப்பிட விரும்புகிறாய்?" என்று கேட்டால் நம் பிள்ளை "எதுனாலும் ஓகே ஆண்ட்டி" என்கிறது, அதுவும் மரியாதைதான். அந்த அம்மாவுக்கு அது அக்கறையின்மையாகப் படுகிறது. இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டபடி ஆறு வாரம் ஓடிவிடும்.

இதற்கு மருந்து கலாச்சாரப் பிரசங்கம் அல்ல, ஒத்திகை. புறப்படுமுன் வீட்டிலேயே ஒரு வாரம் இந்த விளையாட்டை நடத்துங்கள்: கேட்டதும் ஆம் அல்லது இல்லை, ஒரே தடவை. "எனக்கு இரவில் சூடாக ஏதாவது சாப்பிட்டுப் பழக்கம், நானே சமைத்துக்கொள்ளலாமா?" என்று வாய்விட்டுக் கேட்கப் பழக்குங்கள். இது அவசியம். ஜெர்மனியில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு ரொட்டியும் சீஸும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளும்தான், சூடான வேளை மதியம். மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம் என்றால் விண்ணப்பத்தில் 'மாட்டிறைச்சி இல்லை' என்று எழுதினால் போதாது. சூப்புக்கான மாட்டெலும்புச் சாறு, மிட்டாயில் போடும் ஜெலட்டின் வரை எங்கே கோடு கிழிக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். சுத்த சைவம் என்றால் இன்னும் கறாராக: பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் இரைப்பைப் பொருளைக் கொண்டு உறைய வைப்பது. நம் வீட்டுச் சைவமே சிலபேருக்கு வெள்ளிக்கிழமைச் சைவம்தான். அதை மறைக்காமல் அப்படியே எழுதினால் வீடு கிடைப்பது சுலபம்.

பூஜை பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு ஒன்று. ஜெர்மனியில் படுக்கையறையில் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்கும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தியோ சாம்பிராணியோ கொளுத்தினால் நள்ளிரவில் வீடே எழுந்துவிடும். பேட்டரி விளக்கு போதும், சாமி கோபிக்காது. ஸ்வஸ்திகம் பொறித்த டாலர், பை, திருநீற்று டப்பா எதையும் எடுத்துப்போக வேண்டாம். ஹிட்லர் கட்சியின் சின்னங்களைக் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். மதப் பயன்பாடு வேறு என்று சட்டம் தெரிந்தவர் சொல்வார். பேருந்தில் பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது.

இதன் தொடர்ச்சிதான் நம்மவர்களுக்கு மிக ஆழமான பள்ளம். மலேசியத் தமிழ் வீடுகளில் நேதாஜி படம் மாட்டியிருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள், அந்தப் பெருமை நியாயமானது. சுபாஷ் சந்திர போஸ் 1942-இல் பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்ததும் உண்மை. இவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, "ஹிட்லர் எங்களுக்கு உதவி செய்தவர்தானே" என்று ஜெர்மன் மேசையில் வெள்ளந்தியாகச் சொல்லிவிடும். அந்தக் கணத்தில் மேசையில் விழும் அமைதி அதற்குப் புரியாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியோடு வதைமுகாம் நினைவிடத்துக்குப் போய்வந்திருப்பார்கள். வாசலில் நடைபாதைக் கல்லோடு கல்லாகப் பதித்த பித்தளைத் தகட்டில், அந்த வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவரின் பெயர் இருக்கக்கூடும். கலைஞர் குந்தர் டெம்னிக் 1992-இல் தொடங்கிய அந்த நினைவுக்கற்கள் ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஆகவே போகுமுன் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்குங்கள். நேதாஜியை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அவர் யாரோடு எதற்குக் கைகோத்தார், அதன் விலை என்ன என்பதை 16 வயதுக்குரிய அளவில் முழுதாகச் சொல்லிக்கொடுங்கள். கூடவே தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதையையும். 1942, 43-இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் மாண்டார்கள். ஐரோப்பியர் நினைவில் அந்தப் பாதை பெரும்பாலும் வெள்ளைப் போர்க்கைதிகளின் கதை. தன் கொள்ளுத்தாத்தா காலத்து மரணத்தைப் பேசத் தெரிந்த பிள்ளை, அவர்கள் தங்கள் மரணங்களைப் பேசும்போது கேட்கவும் தெரிந்துகொள்கிறான். உலகப் போர் என்பது ஐரோப்பாவின் சொந்தக் கதை மட்டுமல்ல என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் உறைக்கும். பரிமாற்றத்தில் நான் மிக உயர்வாக மதிக்கும் நிகழ்வு இதுதான். எந்தத் திட்டக் கையேட்டிலும் இதற்கு ஒரு பத்தி கூடக் கிடையாது.

காலனிய வரலாற்றைப் பொறுத்தவரை பிள்ளை எதிர்பார்ப்பது இரண்டில் ஒன்று: அவர்களின் திமிர், இல்லையென்றால் குற்றவுணர்ச்சி. பெரும்பாலும் கிடைப்பது அறியாமை. டச்சு மாணவனுக்கு இந்தோனேசியா கொஞ்சம் தெரியும். மலாக்காவைத் தன் நாடு ஆண்டது தெரிந்திருக்க வேண்டியதில்லை. "நீ இந்தியனா, மலேசியனா?" என்ற கேள்வி வாரம் ஒரு முறை வரும். மலேசியா எங்கே இருக்கிறது, அங்கே யார் யார் இருக்கிறார்கள், 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான இந்தியர்களில் தமிழர்கள் எப்படி வந்தார்கள், தமிழ்ப்பள்ளி என்றால் என்ன, நீ எந்த மொழியில் எதைச் செய்கிறாய் — ஐந்து வாக்கியத்தில், போகும் நாட்டு மொழியில் மனப்பாடமாக இருக்கட்டும். மொழித் தேர்ச்சியின் முதல் நிலையான ஏ1 முடித்தவனால் முடியும். அடுத்த நிலையான ஏ2 வரை படித்துவிட்டுப் போவது உத்தமம். ஜெர்மன் கற்பிக்கக் கோலாலம்பூரில் கோத்தே நிறுவனமும், பிரெஞ்சு கற்பிக்கக் கோலாலம்பூர், பினாங்கு இரண்டிலும் அலியான்ஸ் பிரான்சேஸும் உண்டு. ஆங்கிலம் போதும் என்று அனுப்பினால் பிள்ளைக்குக் கிடைப்பது ஆங்கிலம் பேச விரும்பும் ஐரோப்பா மட்டும். பாட்டிகளும் பேருந்து ஓட்டுநர்களும் அதில் இருக்கமாட்டார்கள்.

நண்பர்கள் விஷயத்தில் ஓர் அமைப்பு வேறுபாடு தெரியாமல் பலர் தனிமையில் கிடக்கிறார்கள். நம் நாட்டில் விளையாட்டு, சாரணர், கழகம் எல்லாம் புறப்பாட நடவடிக்கையாகப் பள்ளிக்குள்ளேயே நடக்கும். ஜெர்மனியில் அவற்றில் பெரும்பகுதி ஊர்ச் சங்கங்களின் கையில். மணி அடித்ததும் வகுப்பு கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பள்ளி வாசலில் நட்புக்காகக் காத்திருந்தால் கிடைக்காது. முதல் மாதத்துக்குள் கால்பந்து, பூப்பந்து, இசைக்குழு, தன்னார்வத் தீயணைப்புப் படையின் இளையோர் பிரிவு, ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்துவிட வேண்டும். பூப்பந்து நம் பிள்ளைகளுக்குத் துருப்புச்சீட்டு, சுமாராக ஆடுகிறவன் கூட அங்கே கவனிக்கப்படுவான். பிரான்சில் புதன்கிழமை பிற்பகல் இதற்கென்றே பெரும்பாலும் காலியாக இருக்கும்.

ஆசிரியரைப் பார்த்ததும் எழுந்து நின்று "செலாமாட் பாகி, சிக்கு" சொல்லிப் பழகியவனுக்கு டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நாக்கில் வராது. ஜெர்மனியில் அப்படிக் கூப்பிட்டால் தப்பு. மதிப்பெண்ணும் குழப்பும். ஜெர்மனியில் 1 தான் உச்சம், 6 அடிமட்டம். பிரான்சில் 20-க்கு 14 வாங்கினால் நல்ல பிள்ளை. இத்தாலியில் 10-க்கு 6 தேர்ச்சி. வீட்டுக்கு அனுப்பிய முதல் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பினாங்கில் அழுகை நடந்துவிடாமல் இருக்க, பெற்றோருக்கும் இது தெரிய வேண்டும். இந்த மாதிரி வேறுபாடுகள் பத்து சேர்ந்தால் 'ஐரோப்பா' என்ற ஒற்றைச் சொல் பிள்ளையின் பேச்சிலிருந்தே கழன்றுவிடும். "அங்க இப்படித்தான்" என்பது போய், "இத்தாலியில் இப்படி, அதுவும் வடக்கில்" என்று பேச ஆரம்பித்தால் பணம் வீணாகவில்லை என்று அர்த்தம்.

பெட்டி கட்டுவது பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பால்பொருளோ கொண்டுபோகக் கூடாது. செருண்டிங், ரெண்டாங், நெய் எல்லாம் சுங்கத்தில் குப்பைக்குப் போகும். மீன் வகைக்கு 20 கிலோ வரை விலக்கு உண்டு, நெத்திலி சம்பால் தப்பிக்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், காய்ந்த மசாலாத்தூள் போதும். வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கப்படும் ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று. விமானத்தில் ஏற்றத்தான் விடமாட்டார்கள். குளிர்கால மேலங்கியை அங்கேயே, பழைய துணிக் கடையில், வீட்டு அம்மாவோடு போய் வாங்கட்டும். இங்கே விற்பது பெரும்பாலும் சுற்றுலாக் கனம். கழிவறையில் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் இருக்காது (இத்தாலி போன்ற சில நாடுகள் கருணை காட்டும்), அதற்கேற்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

போன்கால். ஐரோப்பாவின் நடுப்பகுதி நமக்குக் கோடையில் 6 மணி நேரமும் குளிர்காலத்தில் 7 மணி நேரமும் பின்னால். பிள்ளை மதியம் 2 மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது நமக்கு இரவு 8 அல்லது 9 மணி, சாப்பிட்டு ஓய்ந்த நேரம். இதனால் தினமும் புலனத்தில் (வாட்ஸ்அப்) வீடியோ அழைப்பு என்பது சர்வசாதாரணமாகிவிடுகிறது. பிள்ளையின் உடல் அங்கேயும் நினைவு செந்தூலிலும் இருக்கும். வாரம் ஒரு முறை, ஞாயிறு, அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிக்கு மட்டும் இடையில் குரல்பதிவு. வீட்டில் ஒத்துப்போகவில்லை என்றால் பிள்ளை முதலில் சொல்ல வேண்டியது உங்களிடம் அல்ல, அமைப்பு நியமித்த உள்ளூர்த் தொடர்பாளரிடம். வீடு மாற்றுவது அவமானமில்லை, வழக்கமான நடைமுறை. தெருவில் யாராவது நிறத்தைச் சொல்லி ஏதாவது பேசினாலும் அதே நாளில் அவரிடம் சொல்லட்டும். மறைத்து வைத்த ஒரு சொல் பத்து மாத நட்பையும் கசப்பாக்கிவிடும்.

ஐரோப்பாவில் தமிழும் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் தெருவில் ஓடும். ஜெர்மனியின் ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயில் தொழிற்பேட்டை நடுவே கோபுரத்தோடு நிற்கிறது. சுவிஸ் தலைநகர் பெர்னில் 2014-இல் திறந்த 'மதங்களின் இல்லம்' கட்டடத்துக்குள் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மையத்தோடு சைவக் கோயிலும் ஒரே கூரைக்குக் கீழ். ஈழத்திலிருந்து போனவர்கள் கட்டியெழுப்பிய உலகம் இது. அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை ஐரோப்பாவைப் பார்க்க வந்தவனல்ல. அவனே ஐரோப்பியன், ஓட்டுப் போடுகிறவன். அவனைச் சந்திக்கும் மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு 'வெள்ளைக்காரர் ஊர்' என்ற பாட்டி காலத்துச் சித்திரம் ஒரே மதியத்தில் கலைந்துவிடும். ஆனால் ஒரு முறை, இரண்டு முறை போதும். வாரா வாரம் பாரிஸில் உறவினர் வீட்டுக்கு ஓடினால் பிரெஞ்சும் வராது, தங்கிய குடும்பமும் ஒட்டாது.

திரும்பி வந்தபின் பள்ளிகள் செய்யும் காரியம் ஒன்று எனக்குப் பிடிப்பதில்லை. திங்கள் காலைச் சபைகூடலில் மேடையேற்றி, பத்து நிமிடம் படக்காட்சி. ஐஃபில் கோபுரம், பனி, கைதட்டல். பத்து மாதத்தில் உடைந்த அஞ்சலட்டையைப் பிள்ளையே மறுபடி ஒட்டிக் கொடுக்கிறான். அதற்குப் பதில் பத்துப் பதினைந்து மாணவர்கள் கொண்ட சிறு குழுவில் உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் மாதம் நீ நினைத்தது எது பிற்பாடு பொய்யாகப் போனது? உன்னைப் பற்றி அவர்கள் நினைத்தது எது மாறியது? அங்கே உனக்குக் கடைசிவரை பிடிக்காதது என்ன? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அவன் இன்னும் விருந்தாளி மனநிலையில் இருக்கிறான். வீட்டிலும் ஓரிரு மாதம் "அங்கெல்லாம் பஸ் நேரத்துக்கு வரும்" என்ற பல்லவி ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியபின் இரண்டாவது சரிவு வருவதும் 1960-களிலிருந்தே ஆய்வுகளில் பதிவான விஷயம்.

அனுப்ப வசதியில்லாத குடும்பம் என்ன செய்யும்? ஒரு யூரோ ஏறத்தாழ 5 வெள்ளி (ரிங்கிட்) விற்கும் காலத்தில் இது பெரும்பாலோருக்கான கேள்வி. உபகாரச் சம்பளங்கள் உண்டு, எண்ணிக்கை குறைவு. இன்னொரு வழியை நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை: ஐரோப்பிய மாணவரை நம் வீட்டில் ஏற்பது. பங்களா வேண்டியதில்லை. ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி, அமைப்பின் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் பேசிப் போவதற்குச் சம்மதம். அறையை அதே பாலின உடன்பிறப்போடு பகிர்வதைப் பல அமைப்புகள் ஏற்கின்றன. தனிக் கட்டில்தான் கட்டாயம்.

இரு தரப்பும் சமநிலையில் நின்று, பொது வேலையில் சேர்ந்து உழைத்து, மேலிருப்பவர்களின் ஆதரவும் இருந்தால்தான் தொடர்பு தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னார். அந்தச் சமநிலை ஐரோப்பாவில் கிடைப்பதைவிட இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. காலை 7.30-க்கு வெள்ளைச் சட்டையில் வரிசையில் நின்று, மலாய்ப் பாடம் புரியாமல் விழித்து, ரொட்டி சானாயைக் கையால் பிய்க்கத் தெரியாமல் திணறி, இரவில் அம்மாவை நினைத்து மூக்கை உறிஞ்சும் பெல்ஜியப் பையனைக் கூட இருந்து பார்க்கும் பிள்ளைக்கு, ஐரோப்பா பற்றி வேறு பாடம் அதிகம் தேவைப்படாது. உங்கள் பிள்ளை படிவம் 3-இல் இருக்கும்போது ஏற்றீர்களானால் இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் 'ஏன் போக விரும்புகிறாய்?' என்ற கேள்விக்கு, இணையத்தில் தேடாமல் எழுதச் சொந்தமாக ஏதாவது அவன் கையில் இருக்கும். நேர்காணல் நடத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிலைத்தான்.